இடமறியா ஆட்டம்

வெளியூர் போகிறவர்களில் பெரும்பாலோர் பார்க்கத்தான் போகிறோம். கோயில், கோட்டை, அருவி, கடைத்தெரு என்று பட்டியல் போட்டு, ஒவ்வொன்றின் முன்னும் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறோம். இந்தப் பட்டியலில் ஒரு லேசர் டேக் அரங்குக்கு இடம் உண்டா என்பது சின்னக் கேள்வியாகத் தோன்றலாம். அம்பத்தூரிலிருந்து பள்ளி விடுமுறைக்கு நான்கு நாள் பெங்களூருக்கோ கோலாலம்பூருக்கோ கிளம்பும் குடும்பத்தில், பதினான்கு வயதுப் பிள்ளை ‘அங்க லேசர் டேக் இருக்காம்ப்பா, ஒரு ரவுண்டு போலாமா?’ என்று கேட்டால் பதில் அநேகமாக ஒரே மாதிரிதான் வரும்: ‘இதுக்காடா இவ்ளோ தூரம் வந்தோம்? இதெல்லாம் நம்ம ஊர்லயே இருக்கே.’ இந்த வழக்கில் நான் பிள்ளையின் பக்கம். ஆசைப்பட்டுவிட்டான், போகட்டும் என்கிற தயவால் சொல்லவில்லை. பழக்கமில்லாத ஊரில், பழக்கமில்லாத அரங்கில், அங்கேயே ஆடித் தேறியவர்களுக்கு நடுவே இறங்கி விளையாடுவது பயணத்தில் கிடைக்கக்கூடிய மிகப் பயனுள்ள அனுபவங்களில் ஒன்று என்று நினைக்கிறேன். அது நம்மை இடம் தெரியாதவராக ஆக்குகிறது. சொந்த ஊரில் பல வருஷம் வேர்விட்டவர்கள் முதலில் மறந்துபோவது அந்த நிலையைத்தான்.

ஆட்டம் எப்படி நடக்கிறது என்று கொஞ்சம் பக்கத்தில் போய்ப் பார்த்தால் இது விளங்கும். பெயரில் லேசர் இருந்தாலும் இந்த அரங்குகளில் பெரும்பாலும் எதிராளியைத் தொடுவது லேசர் இல்லை. விசையை அழுத்தினால் துப்பாக்கியிலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர் கிளம்புகிறது, டி.வி. ரிமோட்டிலிருந்து வருவதும் அந்த வகைக் கதிர்தான். சுட்டவர் யார் என்ற அடையாளத்தையும் அது சுமந்துகொண்டு போகும். எதிராளியின் மார்பிலும் முதுகிலும் தோளிலும் இருக்கும் உணரிகளில் ஒன்று அதை வாங்கியதும், அவர் மாட்டியிருக்கும் வெஸ்ட் அதிரும், விளக்கு அணையும், சில விநாடிகளுக்கு அவர் துப்பாக்கி வேலை செய்யாது. கண்ணுக்குத் தெரிகிற சிவப்புக் கோடும் பச்சைக் கோடும் காட்சிக்காக. அதுவும் புகை போட்டால்தான் துலங்கும். அமெரிக்க ராணுவம் 1970களின் கடைசியில் தன் வீரர்களுக்காக உருவாக்கிய மைல்ஸ் என்ற பயிற்சி முறை இதே யோசனையில் அமைந்தது. 1984ல் ஜார்ஜ் கார்ட்டர் என்பவர் டல்லாஸ் நகரில் ஃபோட்டான் என்ற பெயரில் வணிக அரங்கைத் திறந்தபோது அது விளையாட்டாக ஊருக்குள் வந்தது. ஆனால் அரங்குக்குள் முதல் தடவை நுழைகிறவரை வீழ்த்துவது கதிர் மட்டுமில்லை. உள்ளே இருட்டு. ஊதா விளக்கு எரிந்துகொண்டிருக்கும். சலவைத்தூளில் வெண்மைக்காகச் சேர்க்கும் பொருள் அந்த ஒளியில் பளீரென்று மின்னும். விஷயம் தெரிந்த உள்ளூர்ப் பையன் கறுப்பு டி-ஷர்ட்டில் வந்திருப்பான். வெளியூர்க்காரர் துவைத்து மடித்த வெள்ளைச் சட்டையில் விளக்குக் கம்பம் மாதிரி நிற்பார். எந்தச் சுவருக்குப் பின்னால் வழி இருக்கிறது, எந்தச் சந்து முட்டுச்சந்து, மேலே ஏறும் சாய்தளம் எங்கே என்று அவருக்குத் தெரியாது. முதுகு அதிரும். திரும்பினால் யாரும் இருக்க மாட்டார்கள்.

வள்ளுவர் இந்த நிலையை நன்றாகவே அறிந்திருந்தார். திருக்குறளில் ஐம்பதாவது அதிகாரம் இடனறிதல். ஆழமான நீரில் எல்லாவற்றையும் வெல்லும் முதலை, கரையேறிவிட்டால் மற்ற விலங்குகளிடம் தோற்கும். போரில் அஞ்சாத யானை சேற்றில் கால் புதைந்தால் நரியே அதைக் கொன்றுவிடும். தேர் கடலில் ஓடாது, கப்பல் தரையில் ஓடாது. வலிமை ஆளிடம் மட்டும் இல்லை, பாதி அவன் நிற்கும் இடத்தில் இருக்கிறது என்பதுதான் அந்த அதிகாரம் முழுக்க ஓடும் எண்ணம். கோட்டையும் படைச் சிறப்பும் இல்லாதவர்களைக்கூட அவர்கள் வாழும் இடத்தில் போய்த் தாக்குவது கடினம் என்றும் எச்சரிக்கிறார். அரசனுக்குச் சொன்ன புத்தி என்பதால் முடிவு தெளிவானது: இடம் தெரியாமல் எந்தச் செயலையும் தொடங்காதே. அப்படியானால் தெரிந்தே இடமறியாமல் இறங்கு என்று சொல்வது வள்ளுவருக்கு எதிராகப் பேசுவதாகாதா? ஆகாது என்பது என் எண்ணம். அரசன் தோற்றால் நாடு போகும். விளையாட்டில் தோற்றால் சில விநாடி விளக்கு அணைந்து மறுபடி எரியும். முதலைக்குக் கரை எப்படி இருக்கும் என்பதை அதன் உயிரைப் பணயம் வைக்காமல் காட்ட முடியுமென்றால், அதை ஏன் ஒருமுறையாவது காட்டக் கூடாது? பணயம் இல்லாத இடத்தில்தான் நம் பலத்தில் எது நம்முடையது, எது நம் தெருவுடையது என்று பிரித்துப் பார்க்க முடியும்.

இந்தப் பிரிப்பு எவ்வளவு பெரியது என்பதற்கு லண்டன் டாக்சி ஓட்டுநர்கள் ஒரு சாட்சி. அந்த நகரின் நடுப்பகுதியில் உள்ள சுமார் 25,000 தெருக்களை மனப்பாடமாக அறிந்தால்தான் அவர்களுக்கு உரிமம். 2000ல் எலினோர் மக்வயர் என்ற நரம்பியல் அறிஞரும் உடன் ஆய்வாளர்களும் அவர்களுடைய மூளையைப் படமெடுத்துப் பார்த்தபோது, இடநினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதியின் பின்பக்கம் மற்றவர்களுக்கு இருப்பதைவிடப் பெரிதாக இருந்தது. இடத்தை அறிவது மூளையிலேயே தடம் பதிக்கிறது. லண்டன் வரை போக வேண்டியதில்லை. அம்பத்தூர்க்காரர்கள் எல்லோருமே ஒரு வகையில் இந்தத் தேர்வை எழுதித் தேறியவர்கள்தான். 1964ல் உருவான நம் தொழிற்பேட்டையில், அதாவது எஸ்டேட்டில், முகவரி என்றால் நார்த் ஃபேஸ், சவுத் ஃபேஸ், முதல் மெயின் ரோடு, மூன்றாவது மெயின் ரோடு என்று எண்களாகத்தான் இருக்கும். நாமோ எண்ணை வைத்து வழி சொல்வதில்லை. டன்லப் தாண்டி, டி.ஐ. சைக்கிளுக்கு முன்னாடி, ராக்கி தியேட்டர் எதிர்ல என்று சொல்வோம். எம்.டி.எச். ரோட்டில் கண்டக்டர் குரல் கொடுத்தால் நமக்கு ஒரு நொடியில் புரியும். நேற்று ஒடிசாவிலிருந்து வந்திறங்கிய பையனுக்கு அந்தச் சொற்களில் ஒன்றுகூட அவன் கையிலிருக்கும் முகவரியில் இல்லை. அவன் கெட்டிக்காரனா இல்லையா என்பது அந்த நேரத்தில் ஒரு பொருட்டே இல்லை. அவன் வெள்ளைச் சட்டையில் நிற்கிறான், அவ்வளவுதான். நாம் இங்கே சாமர்த்தியசாலிகளாக வலம் வருவதில் பாதி இந்தத் தெருக்கள் நமக்குக் கொடுத்த கடன். அதை உணர்வதற்கு, அந்தக் கடன் செல்லாத ஓர் இடத்தில் பதினைந்து நிமிடம் நின்றாக வேண்டும்.

பார்ப்பதே போதாதா, ஆடித்தான் ஆக வேண்டுமா என்று கேட்கலாம். பார்க்கிறவருக்கு இடம் தெரியாதது ஒரு குறையே ஆவதில்லை என்பதே என் பதில். தஞ்சைப் பெரிய கோயிலில் வடக்கு எது தெற்கு எது என்று தெரியாமல் சுற்றினாலும் கோயில் யாரையும் தோற்கடிப்பதில்லை. கையில் பையும் பக்கத்தில் வழிகாட்டியும் இருக்கிறவரை அவர் விருந்தாளி. ஆட்டத்தில் இறங்கினால்தான் தெரியாமைக்கு விலை வருகிறது. நம்முடைய பழைய ஆட்டங்களே இதைப் புரிந்து அமைக்கப்பட்டவை. கபடியில் பாடிப் போகிறவர் தனி ஆள். எதிரே ஏழு பேர், அதுவும் அவர்களுடைய மண். சும்மா நடுக்கோட்டைத் தாண்டி எட்டிப் பார்த்துவிட்டுத் திரும்ப முடியாது. ஆண்கள் ஆட்டத்தில் நடுக்கோட்டிலிருந்து 3.75 மீட்டர் உள்ளே ஒரு கோடு உண்டு. யாரையும் தொடாத நிலையில் அதை ஒருமுறையாவது தாண்டாமல் திரும்பினால் அவர் அவுட். வீட்டிலேயே பத்திரமாக நின்று வெல்ல முடியாதபடி விதியே தடுக்கிறது. போய்த்தான் ஆக வேண்டும், உள்ளே போய்த்தான் ஆக வேண்டும். பிடிபட்டு வெளியே உட்கார்ந்தவரும் தன் அணி எதிராளி ஒருவரை வெளியேற்றினால் மறுபடி உள்ளே வரலாம். லேசர் டேக்கில் அணைந்த விளக்கு திரும்ப எரிவதும் எனக்கு அதே பழைய கருணையாகத்தான் தெரிகிறது.

இந்த இடத்தில் நம் தெருவிளையாட்டுச் சொல் ஒன்றைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும்: ஒப்புக்குச் சப்பாணி. சின்னப் பிள்ளை ஆட்டத்தில் சேர்க்கச் சொல்லி அழுதால் பெரிய பிள்ளைகள் அதைச் சேர்த்துக்கொள்வார்கள். ஓடலாம், ஒளியலாம், ஆனால் அவுட் கிடையாது, கணக்கில் வராது. அன்பான ஏற்பாடுதான். ஆனால் அந்தப் பிள்ளைக்கு இரண்டாம் நாளே தெரிந்துவிடும், தான் ஆடவில்லை என்று. பயணத்தில் வளர்ந்தவர்களும் பெரும்பாலான நேரம் ஒப்புக்குச் சப்பாணிதான். ஹோட்டலில் புன்னகைக்கிறார்கள், டாக்சியில் கதவைத் திறந்துவிடுகிறார்கள், கடையில் உட்காரச் சொல்கிறார்கள். எங்கேயும் நாம் கணக்கில் இல்லை. அரங்கில் அப்படி இல்லை. ஆட்டம் முடிந்து வெளியே வந்தால் மதிப்பெண் பட்டியலில் நம் பெயர் கடைசியில் இருக்கும். யாரை எத்தனை முறை சுட்டோம், நம்மை யார் எத்தனை முறை சுட்டார்கள் என்றுகூடச் சில இடங்களில் போட்டிருப்பார்கள். பத்து வயதுப் பெண் ஒருத்தி பதினோரு முறை நம்மைச் சுட்டிருப்பாள். அந்தக் கடைசி வரியில் ஒரு மரியாதை இருக்கிறது. அந்த ஊர் நம்மைக் கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறது.

எந்த ஊரிலும் ஒரே இயந்திரம், ஒரே புகை, ஒரே ஊதா விளக்கு, இதில் ஊர் எங்கே இருக்கிறது என்பது அடுத்த ஆட்சேபம். நியாயமானது, அரங்கின் சுவரில் ஊர் இல்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஊர் ஆட்களிடம் இருக்கிறது. கேரம் பலகை எங்கும் ஒரே அளவுதான், ஆனாலும் வேறு மன்றத்துக்குப் போனால் பவுடர் போடும் விதமும் காய் ஓடும் வேகமும் தோற்றவரைச் சீண்டும் பேச்சும் வேறாக இருக்கும். கருவி ஒன்றாக இருப்பதால்தான் மனிதர்களின் வேறுபாடு துல்லியமாகத் தெரிகிறது. ஒரு ஊரில் புதியவரை முதல் நிமிடத்திலேயே மூலையில் மடக்குவார்கள். இன்னொரு ஊரில் ‘அண்ணா, இந்தப் பக்கம் வாங்க’ என்று தன் அணிக்காரன் கையைப் பிடித்து இழுப்பான். நாமும் இதில் நல்ல பெயர் எடுத்தவர்கள்தான். 1999 ஜனவரியில் சேப்பாக்கத்தில் நடந்த டெஸ்டில், டெண்டுல்கர் 136 அடித்தும், பாகிஸ்தான் 12 ரன்னில் வென்றது. தோல்வியின் வலி ஆறுவதற்கு முன்பே அந்தக் கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது. பாகிஸ்தான் வீரர்கள் மைதானத்தைச் சுற்றி ஓடி அந்தக் கைதட்டலை ஏற்றுக்கொண்டார்கள். வந்தவர்களை ஒப்புக்குச் சப்பாணியாக நடத்தவில்லை, எதிரிகளாகவும் நடத்தவில்லை. கோட்டையையும் கடற்கரையையும் பார்த்துவிட்டுப் போயிருந்தால் அவர்களுக்குச் சென்னையைப் பற்றி இது தெரிந்திருக்காது.

இதைவிடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. அதைத் தட்டிக்கழிக்க நான் தயாராக இல்லை. மனிதனை நோக்கித் துப்பாக்கி நீட்டுவது விளையாட்டாகலாமா? ஜெர்மனியின் பான் நகரில் ஒமேகா என்ற நிறுவனம் இப்படி ஓர் அரங்கைத் திறந்தபோது, 1994 செப்டம்பரில் நகர நிர்வாகம் ஆட்களைக் குறிவைத்துச் சுடும் ஆட்டத்துக்குத் தடை போட்டது. கொலையை விளையாட்டாக்குவது மனித மாண்புக்கு எதிரானது என்பது அவர்கள் சொன்ன காரணம். வழக்கு ஐரோப்பிய நீதிமன்றம் வரை போனது. பிரிட்டனில் சட்டப்படி நடக்கும் ஆட்டம், கருவிகளும் அங்கிருந்து வருகின்றன, இங்கே மட்டும் எப்படித் தடுக்கலாம் என்பது நிறுவனத்தின் வாதம். 2004 அக்டோபர் 14 அன்று நீதிமன்றம் தடை செல்லும் என்றது. மனித மாண்பைக் காப்பது நியாயமான நோக்கம், எல்லா நாடுகளும் அதை ஒரே விதத்தில் காக்க வேண்டும் என்பதில்லை என்றது. அந்த நாட்டின் வரலாற்றை நினைத்தால் அதிகாரிகளின் கூச்சம் புரிகிறது. நமக்கும் இது தூரத்துச் செய்தி இல்லை. ஆவடியில் 1965லிருந்து டாங்கிகள் உருவாகின்றன. விஜயந்தாவில் தொடங்கி அர்ஜுன் வரை அந்தத் தொழிற்சாலையிலிருந்து வந்தவைதான். அர்ஜுனில் இலக்கின் தூரத்தை அளப்பது நிஜ லேசர். இன்னொரு பக்கம், புழல் காவாங்கரையில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் இருக்கிறது. பதுங்குகுழியில் பிள்ளை வளர்த்தவர்கள் அங்கே இருக்கிறார்கள். இருட்டு, புகை, திடீரென்று முதுகுப் பக்கம் ஒரு ஒளி என்பதெல்லாம் அவர்களில் ஒருவருக்கு விளையாட்டாகப் படாவிட்டால் அதில் வாதாட ஒன்றுமில்லை. ‘வாங்க, சும்மா ஜாலிதான்’ என்று அவரை இழுப்பது கொடுமை.

ஆனாலும் பான் வழக்குத் தீர்ப்பின் முழுக் கருத்தையும் என்னால் ஏற்க முடியவில்லை. ஆட்டத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்தால், கொலைக்கும் இதற்கும் நடுவே உள்ள வேறுபாடு ஓசையிலோ உடுப்பிலோ இல்லை. சுடப்பட்டவர் திரும்பி வருகிறார் என்பதில் இருக்கிறது. சில விநாடியில் விளக்கு எரிந்ததும் அவரே நம்மைத் தேடி வருவார். ஆட்டம் முடிந்ததும் இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து வேர்வை நனைந்த வெஸ்ட்டைக் கழற்றுவார்கள். எதிராளி இல்லாமல் போக வேண்டும் என்று இந்த ஆட்டத்தில் யாரும் விரும்ப முடியாது. அவர் போய்விட்டால் ஆட்டமே இல்லை. ஒளிந்துபிடித்து விளையாடும் பிள்ளையின் பயமும் பரவசமும்தான் இதன் வேர் என்று நினைக்கிறேன். அதனால் அரங்கு நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கலாம்: ராணுவ உடுப்பும், செத்துவிட்டாய் என்று அலறும் குரல்பதிவும் தேவையில்லை. வெஸ்ட் அதிர்ந்தாலே போதும். அவற்றை எடுத்துவிட்டால் ஆட்டத்தின் சாரத்தில் ஒரு துளியும் குறையாது.

பணம் பற்றிய கேள்வியைச் சுருக்கமாகவே முடித்துவிடலாம். பதினைந்து நிமிடத்துக்குச் சில நூறு ரூபாய் என்பது எஸ்டேட்டில் ஷிஃப்ட் பார்க்கிறவருக்குச் சின்னத் தொகை அல்ல. லேசர் டேக் ஒரு உதாரணம்தான். போன ஊரின் தெருமுனை கிரிக்கெட்டில் கடைசி ஆளாக ஃபீல்டிங் நிற்பதும், டீக்கடைப் பெஞ்சில் ஆடுபுலி ஆட்டத்துக்கு உட்காருவதும் இதே பலனைத் தரும். மதிப்பெண் கணக்கில் நம் பெயர் ஏற வேண்டும், இடம் நமக்குப் புதிதாக இருக்க வேண்டும், அங்கிருப்பவர்களுக்குப் பழகியதாக இருக்க வேண்டும். இந்த மூன்றும் இருந்தால் டிக்கெட் இல்லாமலும் நடக்கும்.

நான் இதை அம்பத்தூரிலிருந்து எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. இந்த ஊர் வந்தவர்களால் ஆன ஊர். 1949ல் தொடங்கிய டி.ஐ. சைக்கிள்ஸும், பிறகு வந்த எஸ்டேட்டும் தமிழ்நாட்டின் பல மாவட்டங்களிலிருந்து ஆட்களை இழுத்து வந்தன. அவர்களின் பேரப்பிள்ளைகள்தான் இன்று ஓ.டி.யிலும் கள்ளிக்குப்பத்திலும் உள்ளூர்க்காரர்கள். 2011ல் சென்னை மாநகராட்சியோடு சேர்ந்த பிறகு ஐ.டி. ஆட்களும் வடமாநிலத் தொழிலாளர்களும் ஒரே ரோட்டில் நடக்கிறார்கள். ஒவ்வொரு நாளும் யாரோ ஒருவருக்கு இது முதல் நாள். அவர்களை நாம் ஏமாற்றுவதில்லை, விரட்டுவதுமில்லை. ஆனால் அவர்கள் திணறும்போது நமக்கு ஒரு பொறுமையின்மை வருகிறதே, ‘இது கூடத் தெரியாதா’ என்று, அது தீய எண்ணத்தால் வருவதாக நான் நினைக்கவில்லை. நம் தாத்தா வெள்ளைச் சட்டையில் நின்ற நாளை நாம் பார்த்ததில்லை. அந்த நாளை நமக்கு நாமே உண்டாக்கிக்கொள்ள வேண்டியிருக்கிறது, வேறு ஊரில், காசு கொடுத்தாவது.

அரங்குகளில் ஆட்டம் தொடங்குமுன் விதி சொல்ல ஒரு சின்ன அறை இருக்கும். ஓடாதே, தள்ளாதே, கண்ணுக்கு நேரே காட்டாதே என்று சொல்லி அனுப்புவார்கள். அதோடு, முதல் தடவை வந்தவர்களுக்கு விளக்கைப் போட்டு இரண்டு நிமிடம் உள்ளே சுற்றிவர விட்டால் என்ன என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அதற்குப் பிறகும் அவர் தோற்கத்தான் போகிறார்; ஆனால் சாய்தளம் எங்கே என்று தெரிந்து தோற்பார். எஸ்டேட்டிலும் அப்படி ஒரு விளக்கைப் போடலாம். பேருந்து நிலைய வாசலில் ஒரு பெரிய வரைபடம்: நார்த் ஃபேஸும் சவுத் ஃபேஸும், மெயின் ரோடுகளின் எண்களும், அவற்றுக்குப் பக்கத்திலேயே நாம் வாயால் சொல்லும் பெயர்களும், தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும். காலை ஷிஃப்டுக்கு ஐந்தரை மணிக்கே வந்து இறங்குகிறவருக்குப் படிக்கிற மாதிரி, மேலே ஒரு டியூப் லைட்டோடு.